திண்டிவனத்து லென்ஸ்

செஞ்சி பஸ் நிலையத்துக்கு எதிர்ச் சாரியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஜகபர் அலியின் தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது, மூக்குக் கண்ணாடியைத் தவிர. தடித்த கண்ணாடி. போட்டுக்கொண்டு காமிராவில் கண் வைத்தால் ஓரமெல்லாம் மறைந்துபோகும், கழற்றிவிட்டு வைத்தால் எல்லாம் கலங்கல். ஸ்டுடியோவுக்குள் நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கிற படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நாற்காலியும் காமிராவும் நிற்கிற இடம் பழகிப்போனது. வெளியே போய்த் தூரத்தில் இருப்பதை எடுப்பதென்றால்தான் வம்பு.

அதற்கு அவர் வைத்திருந்த வழி, மகள் மெஹர் பானு. பதினொரு வயசுப் பெண் காமிராவில் கண் வைத்து, வளையத்தை மெல்லத் திருகி, "ம், ஆச்சு அத்தா" என்பாள். இவர் பட்டனை அமுக்குவார். கல்யாண வீடுகளில் கேலி பேசுவார்கள். "இன்னா பாய், படம் எடுக்கிறது நீயா, உன் பொண்ணா?" என்பார்கள். ஜகபர் அலிக்கு அதில் கோபமே வராது. "எம் பொண்ணு கண்ணு அப்படி. கோட்டை உச்சியில கொரங்கு பேன் பாக்கிறதக்கூடச் சொல்லிடும்" என்று பூரித்துப்போவார். வீட்டுக்கு வந்ததும் பெண்டாட்டி மெஹராஜ் பேகம் பிடித்துக்கொள்வாள். "ஊருபூரா சொல்லினு திரியாதீங்க. கண்ணு பட்டுடப்போவுது."

பட்டது. யார் கண்ணும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எண்பதாம் வருஷம் தை மாசத்தில் லென்ஸ் வாங்கத் திண்டிவனத்துக்கு மூன்று பேருமாகத்தான் போனார்கள். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த ரங்கநாதன் புதுசாக ஒரு லென்ஸ் வாங்கிவிட்டதால் பழசைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்று சேதி வந்திருந்தது. ஓடு மாற்ற வைத்திருந்த பணத்தை மெஹராஜ்தான் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மழைக்காலம் வர இன்னும் எத்தனையோ மாசம் இருக்கிறது, ஒழுகினால் பாத்திரம் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானமும் அவளே சொன்னாள். அவருடைய ஆசை அவளுக்குத் தெரியும். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் அம்மன் ஊஞ்சலைப் படம் எடுக்கப் போய் ஒருமுறை மிதிபட்டு, சட்டை கிழிந்து, பித்தான் ஒன்றுகூட மிஞ்சாமல் வந்து நின்றவர். எட்ட நின்று எடுக்கிற லென்ஸ் ஒன்று இருந்தால் போதும் என்று அன்றிலிருந்து புலம்பல்.

ரங்கநாதன் அதை மஞ்சள் துணியிலிருந்து பிரித்து வைத்தார். ஒரு சாணுக்கு மேல் நீளம். கை படுகிற இடமெல்லாம் கறுப்புச் சாயம் போய்ப் பித்தளை தெரிந்தது. "எண்பதுலருந்து எரநூறு வரைக்கும் இழுக்கலாம் பாய். ஒரே வளையந்தான். முன்ன பின்ன இழுத்தா கிட்ட வரும், திருவுனா ஃபோகஸ். ஜப்பான் சாமான். ஒரு சங்கதி மட்டும் முன்னாடியே சொல்லிடறேன், அப்பால சண்டைக்கு வரக்கூடாது. கீழ குனிஞ்சு புடிச்சா கொழாய் தானா வழுக்கும்."

"பூஞ்சை கீஞ்சை?"

"டார்ச்சு அடிச்சுப் பாத்துக்கோ."

ஜகபர் அலி டார்ச் அடித்துப் பார்த்தார். வளையத்தைக் காதோரம் வைத்துத் திருகி, மணல் அரைபடுகிற சத்தம் வருகிறதா என்று கேட்டார். ஊதினார், துடைத்தார், மறுபடி அடித்துப் பார்த்தார். இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் காமிராவில் மாட்டி மகளிடம்தான் கொடுத்தார். அவள் வாசலில் நின்று ரோட்டைப் பார்த்து இழுத்தாள், திருகினாள்.

"அத்தா! அதோ பாலத்துகிட்ட பஸ்ஸு வருது. செஞ்சி பஸ்ஸு. டிரைவர் வெத்தலை போட்டுனு இருக்கிறாரு!"

"புளுவாதடி" என்றாள் மெஹராஜ். பஸ் வந்து நின்றபோது டிரைவர் எட்டிக் குனிந்து வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். ரங்கநாதனே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நல்ல லென்ஸுத்தா. வாங்கிடு" என்றாள் மெஹர் பானு.

அவ்வளவுதான், வேறு பேச்சில்லை. ரங்கநாதன் பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் அறுத்து, குழாய் வழுக்காமல் மாட்டிக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பனும் மகளும் மாற்றி மாற்றி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிறந்த பிள்ளையைக்கூட இப்படி ஏந்தவில்லை இந்த மனுஷன் என்று மெஹராஜ் நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மாசி பிறந்தது. ரேடியோவில் ஓயாமல் சூரிய கிரகணப் பேச்சு. அமாவாசையன்று சாயங்காலம் சூரியனில் முக்கால்வாசிக்கு மேல் மறையும் என்றார்கள். ஜகபர் அலிக்குச் சோறு இறங்கவில்லை. கோட்டை மலையான ராஜகிரிக்குக் கீழே செட்டிகுளத்துக் கரையில் நின்றால் சூரியன் மலைக்குப் பின்னால்தானே இறங்கும்? கடிபட்ட சூரியன் உச்சி மண்டபத்தை ஒட்டி வருகிற நேரத்தில் ஒரு படம். அதைப் பெரிசாக்கி ஸ்டுடியோ வாசலில் மாட்டிவிட்டால் கோட்டை பார்க்க வருகிறவன் எவனும் அதைக் கடந்து போகமாட்டான்.

நேரே பார்த்தால் கண் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. கழுவின பிலிமின் கறுப்பு வழியாகப் பார்க்கலாம் என்பது படத் தொழிலில் இருக்கிறவர்கள் எல்லோரும் சொல்கிறதுதான். அவரிடம் கறுப்பு வெள்ளை பிலிம் கட்டுக் கட்டாகக் கிடந்தது. அதைத்தான் எடுத்திருக்க வேண்டும். அனந்தபுரத்து ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு முதல்முதலாகக் கலர் ரோல் போட்டு எடுத்து, மெட்ராசுக்கு அனுப்பிக் கழுவி வாங்கியிருந்தார். அந்த ரோலின் நுனியில் வெளிச்சம் பட்ட துண்டு, பளபளவென்று மை மாதிரி வந்திருந்தது. அதைத்தான் எடுத்தார். பல்புக்கு நேரே பிடித்தார். பல்பு எரிகிறதே தெரியவில்லை.

"பாத்தியா மெஹராஜு? நம்ம ரோல்ல இந்தக் கறுப்பு வருமா? மெட்ராஸ்ல கழுவுனது" என்றார். பால்பவுடர் டப்பா மூடியில் ஓட்டை போட்டு, துண்டுகளை இரண்டு மடிப்பாக வைத்து ஒட்டி, லென்ஸ் முகத்தில் மாட்டுகிற மாதிரி ஒரு தொப்பி செய்தார். விலை கூடினது என்பதால் நல்லது என்று நம்பிவிட்டார்.

பக்கத்து வீட்டுச் சுந்தராம்பாள் காலையில் இட்லி சுட்டு விற்கிறவள். கிரகணத்தன்று காலையில் இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வேலியோரம் வந்து நின்றாள். "மெஹராஜு, புள்ளய இன்னிக்கு வெளிய இட்டுனு போவாதே. உங்க ஆளுகிட்ட சொன்னா சிரிப்பாரு. நீ கேளு."

மெஹராஜ் உள்ளே போய்ச் சொன்னாள். ஜகபர் அலி சிரித்தார். சாத்துக்குடியைச் சூரியன் என்றும் எலுமிச்சம்பழத்தை நிலா என்றும் பிடித்துக்கொண்டு வேலி வரைக்கும் வந்து பாடம் நடத்தினார். "பாம்பும் இல்ல, கீம்பும் இல்லக்கா. நெழலு. நெழலுக்குப் பயந்துனு யாராச்சும் கதவ மூடுவாங்களா?"

"எனக்கு இன்னா தெரியும் பாய், நான் இட்லி சுடறவ" என்று சுந்தராம்பாள் உள்ளே போய்விட்டாள்.

மெஹராஜுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் அவர் சொல்வது நியாயம் மாதிரியும் இருந்தது, மகளோ காலையிலிருந்தே செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். சரி, நானும் வருகிறேன் என்று தேங்காய்ச்சோறு கிளறித் தூக்கில் வைத்து, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை ஒரு துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஊரே கதவடைத்துக் கிடந்தது. மேல்மலையனூருக்குப் போகிற ஸ்பெஷல் பஸ்கள்கூட மதியத்தோடு ஓய்ந்துவிட்டன. குளத்தங்கரையில் அவர்கள் மூன்று பேரும், நாலைந்து ஆடுகளும்தான். மெஹராஜ் ஒரு புங்க மரத்தடியில் சூரியனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மல்லாட்டை உரித்தாள். மகள் ஸ்டாண்டில் நிறுத்திய காமிராவில் கண் வைத்திருந்தாள். ஜகபர் அலி பக்கத்திலேயே வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா தெரியுது?"

"கடிச்ச பிஸ்கோத்து மாரி இருக்குதுத்தா!"

"கண்ணு கூசலியாடி?" என்று மெஹராஜ் இங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"கூசவே இல்லம்மா. செவப்பா, நெலா மாரி இருக்குது."

வெயில் இருந்தது, சூடு இல்லை. சாயங்காலமும் இல்லாமல் இரவும் இல்லாமல் ஒரு சாம்பல் வெளிச்சம். குளத்துப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. ஆடுகள் மேய்ச்சலை விட்டு நெருங்கி நின்றன. மெஹராஜ் குனிந்து மடியைப் பார்த்தாள். புங்க இலைகளுக்கு நடுவே விழுகிற வெளிச்சம் எப்போதும் வட்ட வட்டமாக விழும். இப்போது அத்தனையும் பிறையாக விழுந்திருந்தன. புடவையெங்கும், மண்ணெங்கும், தூக்கு மூடிமேலும் சின்னச் சின்னப் பிறைகள் ஆடின. அவளுக்கு உடம்பு புல்லரித்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்ட வாயெடுத்தாள். வேலையாக இருக்கிறாளே, அப்புறம் காட்டலாம் என்று விட்டுவிட்டாள். கூப்பிட்டிருக்கலாம். அந்த ஒரு கூப்பாட்டுக்கு எழுந்து ஓடி வந்திருப்பாள் பிள்ளை.

சூரியன் மண்டபத்தை ஒட்டி இறங்க இன்னும் நேரம் இருந்தது. அது நகர நகரக் காமிராவையும் நகர்த்தி, ஃபோகஸ் கலையாமல் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஜகபர் அலி இடையில் ஒருதரம் எட்டிப் பார்த்தார். கண்ணாடி இடித்தது, விட்டுவிட்டார்.

"அத்தா, சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணுல தண்ணியா வருது."

"அப்ப இன்னொரு கண்ணுல பாரும்மா. தோ ஆயிடுச்சு. மண்டபத்துகிட்ட வந்துட்டுது."

அவள் கண்ணை மாற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், "ஆச்சுத்தா! அமுக்கு!" என்று கத்தினாள். அவர் அமுக்கினார். திரும்பத் திரும்ப அமுக்கினார். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து தேங்காய்ச்சோறு சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் மகள் எழுந்து வந்து, அடுப்பு முன்னாலிருந்த அம்மாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இன்னாடி?"

"உம் மூஞ்சி நடுவுல ஒரு காசு ஒட்டினு இருக்குதும்மா. போவ மாட்டேங்குது."

வெளிச்சம் பார்த்த கூச்சம், போய்விடும் என்றார் ஜகபர் அலி. அவர் குரலே அவருக்குத் துணையாக இல்லை. சுந்தராம்பாள் நந்தியாவட்டைப் பூ பறித்து வந்து கண்மேல் ஒத்தினாள். தாய்ப்பால் விட்டுப் பார்த்தார்கள். காசு போகவில்லை. அரிசி முறத்தை வைத்துக் கல் பொறுக்கச் சொன்னாள் மெஹராஜ். நெல்லையும் கல்லையும் பறக்கப் பறக்கப் பொறுக்குகிற பெண், முறத்தைக் கையால் துழாவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தாள். "நேராப் பாரு பானு" என்றால், "நேராப் பாத்தா தெரியலம்மா. இப்படிச் சாஞ்சு பாத்தாதான் கொஞ்சம் தெரியுது" என்றாள். பேசுகிறவர்களின் காதைப் பார்த்துப் பேசினாள். மெஹராஜ் முறத்தை வாங்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு கண்ணிலும் சொட்டுவிட்டு வெகுநேரம் பார்த்தார். ஜகபர் அலி கொண்டுபோயிருந்த டப்பா மூடியையும் ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"இது கலர் பிலிம், கறுப்பு வெள்ளை மாதிரி இதுல வெள்ளி இல்ல. வெளிச்சத்தை மறைக்கும், சூட்டை மறைக்காது. படம் எடுக்க இது போதும், கண்ணுக்குப் போதாது. கூசாததனாலதான் குழந்தை அவ்வளவு நேரம் பார்த்திருக்கு. உள்ள சுடறப்ப வலியும் தெரியாது."

"மருந்து ஊத்தினா சரியாப்பூடுமா டாக்டர்?"

"நடுவுல வெந்துபோச்சு பாய். ஓரப் பார்வை இருக்கும், நடமாடுவா. படிக்கிறது, ஊசி கோக்கிறது, எதிர்ல இருக்கிறவங்க முகம் பார்க்கிறது இதெல்லாம் கஷ்டம். ஒரு கண்ணு தப்பிச்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

திரும்பி வருகிற பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தூரத்தில் மலைகள் புள்ளியாகத் தெரியும்போதே "கோட்டை வந்துட்டுது" என்று முதலில் கத்துகிறவள் அவள். அன்றைக்கு மலை பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றபிறகு, "அம்மா, செஞ்சி வந்துட்டுதா?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து மகளைச் சுந்தராம்பாளிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு மெஹராஜ் புருஷனைப் பிடித்தாள்.

"ஒரு கண்ணு தப்பிச்சிருந்தான்னாங்களே, கேட்டீங்களா? ஒரு கண்ணு தப்பிச்சிருக்கும். தண்ணி வருதுத்தான்னு புள்ள சொல்லிச்சு. இன்னொரு கண்ணுல பாருன்னது யாரு?"

"நாந்தான்."

"நெழலுக்கு யாராச்சும் பயப்படுவாங்களான்னு வேலியில நின்னு பாடம் எடுத்தீங்களே. ஒண்ணும் தெரியாதவங்க புள்ளைங்க எல்லாம் ஊட்டுக்குள்ள நல்லாக் கெடக்குது. எல்லாம் தெரிஞ்ச உங்க புள்ள?"

"அடி மெஹராஜு. செருப்பால அடி."

"அடிச்சா கண்ணு வருமா? அந்த லென்ஸக் கொண்டும்போய்க் கெணத்துல போடுங்க. என் கண்ணு முன்னாடி அது இருக்கக்கூடாது."

அவர் லென்ஸை மஞ்சள் துணியில் சுற்றி, காமிராவோடு டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கிரகணம் எடுத்த ரோல் காமிராவுக்குள்ளேயே கிடந்தது. ஸ்டுடியோவைத் திறந்தார், பழைய பெட்டிக் காமிராவில் பாஸ்போர்ட் படம் எடுத்தார், வந்தார், படுத்தார். மெஹராஜ் எப்போதும்போலப் படங்களை வாளித் தண்ணீரில் அலசினாள், கிளிப் போட்டு உலர்த்தினாள், ஓரம் வெட்டினாள். சோறு வைத்தாள். அவரோடு பேசவில்லை. அவளும் சரியென்று கூடவே போனவள்தானே? அந்த நினைப்பு வரும்போது வாளித் தண்ணீரை வேகமாகக் கொட்டுவாள். சுந்தராம்பாள் தினமும் சூடாக இட்லி கொண்டுவந்து மகளுக்கு ஊட்டினாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்தப் பொம்பளை. சொல்லியிருந்தால் ஒரு சண்டை போட்டாவது மெஹராஜ் ஆற்றிக்கொண்டிருப்பாள்.

சித்திரை வெயிலில் ஒருநாள் ஜகபர் அலி டிரங்குப் பெட்டியைத் திறந்தார். லென்ஸை ரங்கநாதனே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டிச் சத்தம் கேட்டு மகள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

"லென்ஸையாத்தா எடுக்கிற?"

"ஆமாம்மா."

"அந்த ரோலக் கழுவவே இல்லியே."

அவர் பெட்டியை மூடப் போனார். "கழுவுத்தா. எப்படி வந்திருக்குதுன்னு பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்றுதான் சொன்னாள். அடுக்களையில் இருந்த மெஹராஜ் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்தாள்.

அன்றைக்கு மத்தியானமே ரோலைக் கழுவி உலர்த்தி, சாயங்காலம் ஸ்டுடியோ இருட்டறைக்குள் அப்பனும் மகளும் போனார்கள். அந்த அறைக்குள் போனதும் அவள் தடுமாறவே இல்லை. எந்த ட்ரே எங்கே, இடுக்கி எங்கே, பேப்பர் பெட்டி எங்கே எல்லாம் கைக்கே தெரிந்திருந்தது. மெஹராஜ் அலசுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்த் திரையை இழுத்துவிட்டு நின்றாள். சிவப்பு விளக்கில் மூன்று பேர் முகமும் ஒரே மாதிரி இருந்தது.

ஜகபர் அலி பேப்பரை மருந்துத் தண்ணியில் போட்டார். மகள் ட்ரேயின் ஓரத்தைப் பிடித்து, பழக்கம்போல ஆட்டிக்கொடுத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நாலா பக்கமும் கறுப்பு ஏறியது. நடுவே வெள்ளையாக ஒரு பிறை நின்றது. பிறையின் அடிவயிற்றில் உச்சி மண்டபத்தின் விளிம்பு, பேனாக் கத்தியால் வெட்டி எடுத்தது போல. கூரையில் பெயர்ந்து நின்ற ஒரு கல், அதன் இடுக்கில் முளைத்திருந்த புல்கூடத் தெரிந்தது. ஜகபர் அலி அதுவரைக்கும் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை.

மெஹர் பானு தலையைச் சாய்த்து, ட்ரேயைப் பக்கவாட்டில் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அத்தா, ஃபோகஸ் சரியா விழுந்திருக்குதா?"

ஜகபர் அலி துண்டை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அத்தா? இல்லியா? கலங்கலா இருக்குதா?" பிள்ளையின் குரல் உடையப் பார்த்தது.

மெஹராஜ் வாளியை வைத்துவிட்டு முன்னால் வந்தாள். இடுக்கியால் படத்தைத் தூக்கி, மேலும் கறுக்காமல் நிறுத்துகிற ஹைப்போவில் போட்டாள். மகளின் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"விழுந்திருக்குதுடி. மண்டபத்து மேல புல்லு மொளைச்சிருக்குது, அதுகூடத் தெரியுது. உன்னாட்டம் யாருக்குடி வரும்?"

மகளின் முகம் மலர்ந்தது. அம்மாவின் காதைப் பார்த்துச் சிரித்தாள். அப்பன் நின்ற பக்கம் கையை நீட்டித் துழாவி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன் இல்லத்தா? நல்ல லென்ஸு. அத விக்காதே."

ஜகபர் அலி திரும்பி மெஹராஜைப் பார்த்தார். அவள் படத்தை ஹைப்போவுக்குள் அமுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"விக்கலடி" என்றாள் மெஹராஜ்.